ஓநாய், ஆடு, புல்: இரைகொல்லி சிமுலேஷன் ஒண்ண ஆரம்பத்துல இருந்து கட்டுறது எப்படி

ஓநாய்-ஆடு சிமுலேஷன் எழுதுற பெரும்பாலானவங்களுக்கு முதல் ரன்ல ஒரே கதைதான் நடக்கும், ஆடு கொஞ்ச நேரம் பெருகும், ஓநாய் அத விட வேகமா பெருகி எல்லா ஆட்டையும் தின்னு தீத்துடும், அப்புறம் திங்க எதுவும் இல்லாம அதுவும் செத்து ஸ்கிரீன் காலியா நிக்கும். உடனே கோடுல எங்கயோ பக் இருக்குன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க. இருக்கலாம். ஆனா 1934ல வெளியான ரஷ்ய விஞ்ஞானி காஸோட சோதனைகள்ல, பாரமீசியம்ங்கற ஒரு செல் உயிரையும் அத திங்கிற டிடினியத்தையும் ஒரே குழாய்ல விட்டப்ப நடந்ததும் இதேதான். டிடினியம் எல்லாத்தையும் தின்னுச்சு, அப்புறம் பட்டினில அதுவும் போச்சு. குழாய்ல அடியில வண்டல் போட்டு பாரமீசியத்துக்கு ஒளிய இடம் குடுத்தா டிடினியம் மட்டும் செத்துச்சு. மூணு நாளுக்கு ஒரு தடவை வெளியில இருந்து ரெண்டுலயும் ஒண்ணொண்ணு உள்ள விட்டப்பதான் ஏறி இறங்குற அலை வந்துச்சு.

ஆக எல்லாம் அழிஞ்சு போறது இயல்பான முடிவு, ரெண்டும் சேந்து வாழ்றதுக்குதான் காரணம் கண்டுபிடிக்கணும். அப்போ ஸ்கிரீன் காலியானா அது கோடுல இருக்குற பக் தானா, இல்ல இயற்கையான்னு எப்படி சொல்றது? இந்த வழிகாட்டி முழுக்க நான் அடிச்சு சொல்லப் போறது ஒண்ணுதான், ரன் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி பேப்பர்ல கணக்கு போட்டு என்ன வரணும்னு எழுதி வெச்சுக்குங்க. இது இல்லாம மாடல் கட்டுறவங்க அழகா ஆடுற கிராப்ப பாத்து சந்தோஷப்பட்டுட்டு போயிடுவாங்க, அது சரியா தப்பான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

சமன்பாடு இருக்கும்போது சிமுலேஷன் எதுக்கு?

இரையும் இரைகொல்லியும் எப்படி ஏறி இறங்கும்னு சொல்ற ஒரே ஜோடி சமன்பாட்ட லோட்கா 1925லயும் கணித மேதை வோல்டெரா 1926லயும் தனித்தனியா எழுதினாங்க. வோல்டெராவுக்கு கேள்விய குடுத்தது அவரோட மருமகன் டி'அன்கோனா, கடல் உயிரியல்காரர். ஏட்ரியாட்டிக் கடலோர ஃபியூமே மீன் சந்தைல (இன்னைக்கு குரோவேஷியால இருக்குற ரியேக்கா) வந்த மீன்ல சுறா, திருக்கை மாதிரி இரைகொல்லிங்க 1914ல 11.9 சதவீதம், 1918ல 36.4, மறுபடி 1923ல 10.7. நடுவுல முதல் உலகப் போர், மீன்பிடிப்பு குறைஞ்சு போச்சு. வலை கம்மியானா எல்லா மீனும் சமமா கூடணும்தானே, இரைகொல்லி மட்டும் ஏன் பங்க ஏத்திக்கிச்சு? சமன்பாடு அதுக்கு சுத்தமா பதில் சொல்லிச்சு: ரெண்டையும் ஒரே மாதிரி கொல்ற எதுவும் இரைக்கு சாதகம், அத நிறுத்தினா இரைகொல்லிக்கு சாதகம்.

அழகான பதில்தான், ஆனா சமன்பாட்டுக்கு முழு ஓநாய்னு ஒண்ணு தெரியாது. 0.3 ஓநாய் கூட அதுக்கு ஓகே, அதுல இருந்து மறுபடி கூட்டம் கிளம்பும். வெறிநாய்க்கடி பரவுற ஒரு நரி மாடல்ல நரி எண்ணிக்கை ஒரு இடத்துல பத்தின் அடுக்கு மைனஸ் 18 அளவுக்கு இறங்கி மறுபடி உயிர்த்தெழுந்து வந்தத 1991ல மோலிசன்ங்கற புள்ளியியல்காரர் அட்டோ நரின்னு கிண்டல் பண்ணாரு (அட்டோன்னா அந்த பத்தின் அடுக்கு மைனஸ் 18தான்). நாம கட்டப் போறது ஏஜென்ட் மாடல், அதுல இந்த ஏமாத்து வேலை நடக்காது. ஒவ்வொரு ஓநாயும் தனி ஆளு, ஒரு இடத்துல நிக்குது, அதுக்குன்னு எனர்ஜி இருக்கு, கடைசி ஒண்ணு செத்தா செத்ததுதான்.

எந்த டூல்?

புரோகிராமிங் அவ்வளவா தெரியாதுன்னா நெட்லோகோ. யூரி வில்லென்ஸ்கி உருவாக்கினது, இலவசம், உள்ளேயே மாடல் லைப்ரரில ஓநாய்-ஆடு மாடல் ரெடியா இருக்கு. பாக்க பழைய காலத்து சாப்ட்வேர் மாதிரிதான் இருக்கும், ஆனா ஸ்லைடர நகத்தி உடனே என்ன ஆகுதுன்னு பாக்குறதுக்கு இத விட நல்லது எனக்கு தெரிஞ்சு இல்ல. பைத்தான் தெரிஞ்சா மெசான்னு ஒரு லைப்ரரி இருக்கு. ஆனா முதல் தடவை கத்துக்கறதுக்கு லைப்ரரி எதுவும் இல்லாம வெறும் லிஸ்ட்டும் டிக்ஷனரியும் வெச்சு எழுதுங்கன்னுதான் சொல்வேன், நூத்தம்பது இருநூறு வரிக்குள்ள முடிஞ்சிடும், எல்லாம் உங்க கண்ணுக்கு முன்னாடி இருக்கும். கீழ வர்ற எண்கள் எல்லாம் அந்த நெட்லோகோ மாடலோட டீஃபால்ட் எண்கள்தான், அதனால நீங்க எழுதினத அதோட ஒப்பிட்டு பாத்துக்கலாம்.

ஸ்டெப் 1: உலகமும் உயிர்களும்

51க்கு 51 கட்டம், மொத்தம் 2601. ஓரங்கள ஒட்டிடுங்க, அதாவது வலது பக்கம் வெளிய போனா இடது பக்கம் உள்ள வரும், மேல போனா கீழ வரும். ஓரம் இருந்தா மூலைல மாட்டிக்கிட்ட ஆட்ட ஓநாய் சுலபமா புடிச்சிடும், ஓரத்தோட விளைவு எது இரைகொல்லியோட விளைவு எதுன்னு பிரிக்க முடியாம போயிடும். (நிஜ தீவு ஒண்ண மாடல் பண்றீங்கன்னா ஓரம் வேணும், அது வேற.)

ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டு விஷயம் போதும், புல் இருக்கா இல்லையா, இல்லேன்னா இன்னும் எத்தன டிக்ல (டிக்னா சிமுலேஷன்ல ஒரு சுத்து நேரம்) முளைக்கும். ஆட்டுக்கும் ஓநாய்க்கும் எக்ஸ், ஒய், பாக்குற திசை, எனர்ஜி. 100 ஆடு, 50 ஓநாய், எங்க வேணா தூவி விடுங்க. பாதி கட்டத்துல புல்.

இங்க நிறைய பேர் கோட்ட விடுற இடம் ஆரம்ப எனர்ஜி. எல்லா ஓநாய்க்கும் ஒரே மாதிரி 20 குடுத்தா, சாப்பாடு கிடைக்காததெல்லாம் ஒரே டிக்ல கும்பலா சாகும், கிராப்ல பெரிய பள்ளம் விழும், அத பாத்து அலைன்னு நினைச்சுக்குவீங்க. ஓநாய்க்கு 0ல இருந்து 39 வரைக்கும் ரேண்டமா, ஆட்டுக்கு 0ல இருந்து 7 வரைக்கும். புல் இல்லாத கட்டத்தோட கவுண்ட்டவுனும் அதே மாதிரி ரேண்டமா இருக்கணும், இல்லேன்னா பாதி உலகம் ஒரே நாள்ல பச்சையாகும்.

ஸ்டெப் 2: ஒரு டிக்ல என்ன நடக்கணும்

ஆடு லிஸ்ட்ட கலைச்சுப் போடு.
ஒவ்வொரு ஆட்டுக்கும்: வலப்பக்கம் 0-50 டிகிரி, இடப்பக்கம் 0-50 டிகிரி ரேண்டமா திரும்பி ஒரு அடி நகரு. எனர்ஜில 1 கழி. நிக்கிற கட்டத்துல புல் இருந்தா தின்னு, எனர்ஜி 4 கூட்டு, கட்டத்துக்கு 30 கவுண்ட்டவுன் வை. எனர்ஜி 0க்கு கீழ போயிருந்தா சாவு. உயிரோட இருந்தா 100ல 4 வாய்ப்புல ஒரு குட்டி, அம்மாவோட எனர்ஜி ரெண்டா பிரியும்.
அடுத்து ஓநாய் லிஸ்ட்ட கலை.
ஒவ்வொரு ஓநாய்க்கும்: அதே மாதிரி நகரு, 1 கழி. அதே கட்டத்துல ஆடு இருந்தா ஒண்ணே ஒண்ண மட்டும் தின்னு, 20 கூட்டு. 0க்கு கீழன்னா சாவு. 100ல 5 வாய்ப்புல குட்டி, எனர்ஜி பாதி பாதி.
கடைசியா எல்லா வெறும் கட்டத்துக்கும் கவுண்ட்டவுன் 1 குறை, 0 ஆனா புல்.

ஓநாய் தன் கட்டத்துல ஆடு இருக்கான்னு பாக்க ஒவ்வொரு தடவையும் முழு ஆடு லிஸ்ட்ட தேடாதீங்க, ஆட்டுங்க நகந்து முடிச்சதும் கட்டத்த கீயா வெச்சு ஒரு டிக்ஷனரி போட்டுக்குங்க, வேகம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் தெரியும். செத்த ஆட்ட லூப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே லிஸ்ட்ல இருந்து எடுக்காதீங்க, பைத்தான் அடுத்த ஆள சத்தமில்லாம தாண்டிட்டு போயிடும், எர்ரரும் வராது. உயிர் இருக்கா இல்லையான்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு குறி வெச்சு, டிக் முடிஞ்சதும் மொத்தமா வடிகட்டுங்க. அதே மாதிரி தின்ன ஆட்ட டிக்ஷனரில இருந்து உடனே எடுத்துடணும், இல்லேன்னா ஒரே ஆட்ட ரெண்டு ஓநாய் திங்கும், ஓநாய் கூட்டம் எங்க இருந்து பெருகுதுன்னே புரியாது.

குட்டி போடும்போது எனர்ஜி பாதியாகுறது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மாடலோட உயிர்நாடியே அதுதான். அத விட்டுட்டா எனர்ஜி வானத்துல இருந்து கொட்டுது. கடைக் கணக்கு மாதிரி ஒவ்வொரு டிக்கும் வரவு செலவு பாருங்க: ஓநாய்ங்களோட மொத்த எனர்ஜில வந்த மாற்றம், தின்ன ஆடு பெருக்கல் 20, அதுல நகந்த ஓநாய் எண்ணிக்கைய கழி, செத்ததோட மிச்ச எனர்ஜிய (அது மைனஸ்ல இருக்கும்) கழி. ரெண்டு பக்கமும் பொருந்தலேன்னா நிறுத்திட்டு பக் தேடுங்க.

ஸ்டெப் 3: பேப்பர் கணக்கு

இதுதான் முக்கியமான இடம், பொறுமையா பாருங்க.

ஓநாய் ஒரு டிக்குக்கு 1 எனர்ஜி செலவழிக்குது, ஒரு ஆடு 20 குடுக்குது. குட்டி போட்டாலும் எனர்ஜி கூட்டத்துக்குள்ளயேதான் இருக்கு. அப்போ கூட்டம் ஏறாம இறங்காம நிக்கணும்னா ஒவ்வொரு ஓநாயும் சராசரியா 20 டிக்குக்கு ஒரு ஆடு தின்னாகணும், அதாவது ஒரு டிக்ல ஆடு கிடைக்கிற வாய்ப்பு 0.05. எல்லாம் நல்லா கலந்து கிடக்குதுன்னு வெச்சுக்கிட்டா, 2601 கட்டத்துல எத்தன ஆடு இருந்தா ஒரு கட்டத்துல குறைஞ்சது ஒண்ணாவது இருக்க 0.05 வாய்ப்பு? சுமார் 133. நிஜ ரன்ல இதுக்கு கொஞ்சம் மேல வரணும், ஏன்னா ஓநாய்ங்க கூட்டமா இருக்கிற இடத்துல ஆடு ஏற்கனவே காலியாகி இருக்கும், நல்லா கலந்து இருக்காது.

கவனிச்சீங்களா, ஆட்டோட எண்ணிக்கைய முடிவு பண்ணது ஓநாயோட பசி. ஆடு எத்தன குட்டி போடுதுன்னே இந்த கணக்குல வரல. ஓநாயோட 5 சதவீதமும் வரல.

இப்போ ஓநாய் எத்தன? 133 ஆடு 4 சதவீதம்னா டிக்குக்கு 5.3 குட்டி, அத்தனையும் ஓநாய் வயித்துக்கு போகணும், ஒரு ஓநாய் 0.05 திங்குது, ஆக 106. இது மேல் வரம்புதான், கொஞ்சம் ஆடு பட்டினில சாகும், அதனால ஓநாய் இத விட கம்மியா இருக்கும்.

ஓநாயே இல்லேன்னா? ஆடு 1 செலவழிச்சு புல்லுக்கு 4 வாங்குது, நாலு டிக்குக்கு ஒரு தடவை புல் கிடைச்சா போதும், அதாவது கால்வாசி கட்டம் பச்சையா இருந்தா போதும். மிச்ச 1950 கட்டம் 30 டிக் சுழற்சில ஓடுது, டிக்குக்கு 65 புல், 260 எனர்ஜி, சுமார் 260 ஆடு. எல்லா கட்டமும் எப்பவும் வெறுமையா இருந்தா கூட 347தான் வரும், அதனால நீண்ட சராசரி அந்தப் பக்கம் போகவே கூடாது. ஆரம்பத்துல சேத்து வெச்ச புல்லால உச்சம் ஒண்ணு மேல போகலாம், அது பரவால்ல.

இன்னொண்ணும் இந்த கணக்குல இருந்து வருது. கட்டத்த 102க்கு 102ன்னு ஆக்கினா அந்த 133ங்கறது 534 ஆயிடும். உலகத்த பெருசாக்கிட்டு ஆட்ட அதே 100ல விட்டா ஓநாய்ங்க தேடி தேடியே செத்து போகும். "ஸ்கிரீன் பெருசாக்கினேன், மாடல் கெட்டு போச்சு"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் காரணம், அடர்த்திதான் கணக்கு, தலை எண்ணிக்கை இல்ல.

ஸ்டெப் 4: பக் சோதனை

ஆடு 0, ஓநாய் 50ன்னு வெச்சு ஓட்டுங்க. அதிகபட்ச எனர்ஜி 39, டிக்குக்கு 1 குறையுது, குட்டி போட்டா பாதியாகுது. 40வது டிக் முடிஞ்சப்புறம் ஒரு ஓநாய் உயிரோட இருந்தா கோடு தப்பு. அவ்ளோதான், விவாதமே இல்ல.

அப்புறம் ஓநாய் 0, புல் உண்டு, மேல சொன்ன 260 பக்கம் வருதா பாருங்க. அடுத்து ஓநாய் 0, ஆடு புல்லே திங்காம எனர்ஜியும் செலவழிக்காம சும்மா பெருகட்டும், 18 டிக்குக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகணும். 200 டிக்ல 100 ஆடு ரெண்டரை லட்சம் ஆயிடும், லேப்டாப் ஃபேன் கத்த ஆரம்பிக்கும், அதனால ஒரு மேல் வரம்பு வெச்சு நிறுத்துங்க. நெட்லோகோல ஆடுங்களே பூமிய எடுத்துக்கிச்சுன்னு ஒரு மெசேஜ் வந்து நிக்கும்.

ஸ்டெப் 5: நிஜ ரன்

முதல்ல புல்ல ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, ஆட்டுக்கு பசியே இல்ல, ஓநாய் மட்டும்தான் கட்டுப்பாடு. அலை ஒவ்வொரு தடவையும் பெருசாகிக்கிட்டே போயி, ஒண்ணு எல்லாம் அழியும், இல்ல ஓநாய் மட்டும் அழிஞ்சு ஆடு வெடிக்கும். புல்ல ஆன் பண்ணா அலை அடங்கி நீண்ட நேரம் மூணும் சேந்து ஓடும், ஆடு கூடினா புல் குறையுது, அந்த பிரேக் ஓநாய் கூட்டம் தலைகால் தெரியாம பெருகறதுக்கு முன்னாடியே வேலை செய்யுது.

அப்போ புல் வேகமா முளைச்சா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். 30ங்கறத 20, 15, 10ன்னு குறைச்சு பாருங்க. பேப்பர் கணக்குப்படி ஓநாய் இருக்கிற வரைக்கும் ஆடு பெருசா கூடக் கூடாது, 133ல புல் எங்கயுமே வரல, ஓநாய்தான் கூடணும். அதுவும் போக அலை பெருசாகும், பிரேக் லூஸ் ஆயிடுச்சு, 0 பக்கம் போகப் போக புல் ஆஃப் பண்ண மாடலாவே மாறிடும். சாப்பாடு கூடினா கூட்டணி உடையும்ங்கற இந்த முரண சமன்பாட்டு மாடல்கள்ல 1971ல ரோசன்ஸ்வைக்ங்கற சூழலியல்காரர் காட்டினாரு. உங்க லேப்டாப்ல அது தானா வந்து நிக்கும்போது ஒரு கிக் இருக்கும் பாருங்க.

ஸ்டெப் 6: ஒரு ரன் எதுக்கும் ஆதாரம் இல்ல

ரேண்டம் சீட (ரேண்டம் எண்கள் எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு குடுக்குற எண்) மாத்தி மாத்தி குறைஞ்சது 30 ரன் ஓட்டுங்க, ஒவ்வொரு சீடையும் ஃபைல்ல எழுதி வைங்க, விசித்திரமா ஏதாவது நடந்தா அதே ரன்ன மறுபடி ஓட்டி பாக்கலாம். ஆரம்ப சில நூறு டிக்க சராசரில சேக்காதீங்க, அது நீங்க தூவினதோட மிச்சம். எத்தன ரன்ல ஏதாவது ஒண்ணு அழிஞ்சதுன்னும் எண்ணுங்க, சராசரிய விட அது நிறைய சொல்லும். 30ல ஒண்ணு கூட அழியலேன்னா அழிவே நடக்காதுன்னு அர்த்தம் இல்ல, 3ஐ ரன் எண்ணிக்கையால வகுத்துக்குங்க, 10 சதவீதம் வரைக்கும் வாய்ப்பு இருந்தாலும் இப்படி நடக்கலாம். நெட்லோகோல இந்த வேலைக்கு பிஹேவியர்ஸ்பேஸ்னு ஒண்ணு உள்ளேயே இருக்கு, பைத்தான்ல ஒரு லூப் போதும்.

எண்ணிக்கை சின்னதா இருக்கும்போது அதிர்ஷ்டம் எவ்ளோ ஆட்டம் போடும்னு பாக்கணும்னா அமெரிக்காவுல சுப்பீரியர் ஏரில இருக்குற ஐல் ராயல் தீவ பாருங்க. 1958ல இருந்து அங்க ஓநாயையும் மூஸ் மானையும் எண்ணிக்கிட்டு இருக்காங்க. 1980ல 50 ஓநாய் இருந்துச்சு, நாய்ங்களுக்கு வர்ற பார்வோ வைரஸ் உள்ள வந்து 1982ல 14 ஆச்சு. அப்புறம் உள்ளுக்குள்ளேயே இனப்பெருக்கம் பண்ணி நலிஞ்சு கடைசில 2 தான் மிச்சம். 2018-19ல வெளியில இருந்து 19 ஓநாய கொண்டு வந்து விட்டாங்க. அறுபது வருஷம் எண்ணியும் கிடைச்சது ஒரே ஒரு ரன், ரீசெட் பட்டன் கிடையாது. உங்ககிட்ட இருக்கு, அத பயன்படுத்தாம ஒரு கிராப் போட்டு நிறுத்தறது நியாயமே இல்ல.

ஸ்டெப் 7: சோதனை பண்ணி பாக்க மூணு ஐடியா

முதல்ல வேட்டைக்காரன். ஒவ்வொரு டிக்கும் ஆடோ ஓநாயோ பாக்காம 100ல 1 வாய்ப்புல எடுத்துடுங்க. ஓநாய் கூட்டத்துல இருந்து எனர்ஜி வெளிய போறதால அதுக்கு இன்னும் அதிக ஆடு தேவைப்படும், ஆடு சராசரி ஏறணும், ஓநாய் இறங்கணும். வந்துச்சுன்னா ஃபியூமே சந்தைல நடந்தத நீங்க தனித்தனி உயிர்களா ஓட்டி காட்டிட்டீங்க.

ரெண்டாவது இடம். ஹஃபேக்கர்ங்கற பூச்சியியல்காரர் 1958ல கலிபோர்னியாவுல ஆரஞ்சுப் பழங்கள தட்டுல அடுக்கி, ஒரு சிலந்திப்பேனையும் அத திங்கிற இன்னொரு பேனையும் விட்டாரு. சாதாரணமா விட்டா காஸ் பாத்ததுதான், எல்லாம் காலி. 252 ஆரஞ்சு, நடுநடுவுல வாசலின் தடுப்பு, இரைப் பேன் நூல் விட்டு காத்துல பறந்து போக சின்ன மரக்குச்சி, இப்படி இரை எப்பவும் ஒரு படி முன்னாடி ஓடுற மாதிரி அமைச்சப்பதான் மூணு அலை வந்துச்சு. உங்க மாடல்ல புல்ல ஆஃப் பண்ணிட்டு, கட்டத்த துண்டு துண்டா தடுப்பு போட்டு பிரிச்சு, ஆட்டுக்கு மட்டும் எப்பவாவது தூரமா தாவுற வாய்ப்பு குடுங்க. புல் இல்லாமலே எவ்ளோ நேரம் தாக்கு பிடிக்குதுன்னு அழிஞ்ச டிக்க ஒப்பிட்டு பாருங்க. அப்புறம் தாவுற வாய்ப்ப ஓநாய்க்கும் குடுத்து பாருங்க.

மூணாவது கனடாவுல யூகான் பக்கம் குளுவான்ல கிரெப்ஸ் குழு பண்ணது, 1995ல முடிவு வந்துச்சு. அந்த ஊர் முயல் சுமார் 10 வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும், லின்க்ஸ் பூனை பின்னாடியே வரும். வேலி போட்டு இரைகொல்லிய தடுத்தா முயல் 2 மடங்கு, சாப்பாடு மட்டும் கூட்டினா 3 மடங்கு, ரெண்டும் செஞ்சா 11 மடங்கு. நம்ம மாடல்ல அதே நாலு நிலை: சும்மா ஒண்ணு, ஓநாய் இல்லாம ஒண்ணு, புல் 15 டிக்ல முளைக்கிற மாதிரி ஒண்ணு, ரெண்டும் சேத்து ஒண்ணு. பேப்பர்ல முறையே சுமார் 133, 260, 133, 520. சாப்பாடு மட்டும் கூட்டினா குளுவான்ல 3 மடங்கு, நமக்கு அசையவே இல்ல! ஏன்னா நம்ம ஓநாய்க்கு எல்லைச் சண்டை கிடையாது, கூடுற ஒவ்வொரு ஆடும் ஓநாயா மாறிடும். ஓநாய்க்கு அஞ்சு கட்டத்துக்குள்ள இன்னொரு ஓநாய் இருந்தா குட்டி போடாதுன்னு ஒரே ஒரு விதி சேத்து மறுபடி ஓட்டுங்க, எது மாறுதுன்னு பாருங்க. மாடல் நிஜத்தோட பொருந்தாத இடத்துலதான் உண்மையான வேலை ஆரம்பிக்குது.

எழுதி வைக்கிறது

மாடல அடுத்தவங்க திரும்ப கட்ட முடியணும். அதுக்கு 2006ல வோல்கர் கிரிம் குழு ஓ.டி.டி.ன்னு (ODD, படம் பாக்குற ஓடிடி இல்ல) ஒரு வடிவம் குடுத்தாங்க, எதுக்காக இந்த மாடல், என்னென்ன உயிர், என்ன வரிசைல என்ன நடக்குது, எது ரேண்டம், ஆரம்ப எண்கள் எவ்ளோன்னு ஒழுங்கா எழுத சொல்லும், 2010லயும் 2020லயும் அத திருத்தி புதுப்பிச்சாங்க. பாதி பேர் வரிசைய எழுத மறந்துடறாங்க. ஆடு குட்டி போட்ட பிறகு ஓநாய் திங்குதா, அதுக்கு முன்னாடியா, புல் டிக்கோட முதல்ல முளைக்குதா கடைசிலயா, புதுக்குட்டி பிறந்த டிக்லயே நகருமா, இதெல்லாம் எண்கள நகத்தும். உங்க மாடல்ல இந்த மூணையும் ஒவ்வொண்ணா மாத்தி அதே 30 சீடோட ஓட்டி, எவ்ளோ நகருதுன்னு ஒரு டேபிளா அந்த எழுத்தோட சேத்து குடுத்துடுங்க.